தையல் வெளியே தெரிந்த ரவிக்கை

சாத்தூரிலிருந்து சிவகாசிக்குப் போகும் எங்கள் கம்பெனி வேனில், மார்கழி பிறந்த புதிதில் ஒரு நாள் காலை, எல்லாரும் சேர்ந்து ஞானப்பூ அக்காவைப் பார்த்துச் சிரித்தோம்.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு ரவிக்கையைக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். வெளிர் நீலத்தில் பொடிப் பொடியாய்ப் பூப் போட்ட துணி. ஒரு காலத்தில் அது அவர் வீட்டுக் கட்டில் விரிப்பு. அதை அக்காவே சொல்லியிருந்தார். அதில் மிஞ்சிய துண்டைத்தான் தன் சாப்பாட்டுக் கூடைக்கு உறையாகப் போட்டிருந்தார்.

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் ரவிக்கை என் மடியில் வந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். பிழை பார்ப்பது எனக்குத் தொழில். காலண்டர் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவள் நான். ராகு காலம் அரை மணி தள்ளிப் போயிருந்தாலும் பிடித்துவிடுவேன். கண்ணெதிரே கிடக்கும் தையலை விடுவேனா?

“அக்கா, திருப்பித் தைச்சிட்டீக. தையலு அம்புட்டும் வெளிப்பக்கம் நிக்குது பாருங்க.”

ரவிக்கை ஒரு சுற்று கைமாறியது. ஆளாளுக்குத் தூக்கிப் பார்த்தார்கள். டிரைவர் கருப்பசாமி அண்ணன் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, “ஞானப்பூக்கா, கண்ணாடிய மாத்துங்க. இல்லேன்னா அடுத்து கையும் காலும் சேத்துத் தைச்சிருவீக” என்றார். வேனே குலுங்கியது.

அக்கா கோபிக்கவில்லை. ரவிக்கையை வாங்கி மடியில் விரித்து, ஊசியில் நூல் கோத்தார்.

“அப்படியா பிள்ள? நிக்கட்டும்” என்றார். அவ்வளவுதான்.

வீட்டுத் துணி மட்டும்

காலண்டர் அச்சகத்தில் வேலை பார்த்ததைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். ‘நல்ல நேரம் எல்லாம் நீங்கள் பார்த்து வைத்ததா?’ என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நான் பார்த்து வைத்ததில்லை அம்மா, அச்சில் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தேன், அவ்வளவே. என் நல்ல நேரத்தை நானே கவனித்ததில்லை.

ஊர் உலகத்துக்கு டிசம்பர் என்றால் குளிர். எங்களுக்கு டிசம்பர் என்றால் ஆர்டர். கடைக்காரர்கள் எல்லாருக்கும் புது வருஷத்துக்கு முன் காலண்டர் கைக்கு வந்தாக வேண்டும். தும்மக்கூட நேரம் இருக்காது. அந்த நெருக்கடியில்தான் எங்கள் வேனில் கிறிஸ்துமஸ் சீட்டு எடுப்போம். எல்லார் பெயரையும் எழுதிப் போட்டு, ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். யார் பெயர் வந்ததோ அவருக்கு ரகசியமாக ஒரு பரிசு. வேனில் கிறிஸ்தவர்கள் மூன்றே பேர்தான். ஆனால் பரிசு என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அதற்கு முந்தின வருஷம் இந்தச் சீட்டு பெரிய கூத்தாகிவிட்டது. பாதிப் பேர் பஜாரில் ஒரே கடையில் ஒரே மாதிரி பிளாஸ்டிக் டப்பா வாங்கி வந்துவிட்டார்கள். பச்சை மூடி போட்ட டப்பா. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் யார் குழம்பு யாருடையது என்று தெரியவில்லை. வாங்கிய டப்பாவையே இன்னொருத்தருக்குத் திருப்பிக் கொடுத்த புண்ணியவதிகளும் உண்டு. சிலருக்கு அந்த டப்பாவே பாரமாக இருந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும். கடன் சொல்லி வாங்கியவர்கள் இருந்தார்கள்.

அதனால் அந்த வருஷம் ஞானப்பூ அக்கா சட்டம் போட்டார். அக்கா பைண்டிங் பிரிவில் எல்லாருக்கும் மூத்தவர். குரலை உயர்த்தமாட்டார், ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான்.

“கடை வாசல மிதிக்கக் கூடாது. வீட்டுல கெடக்குற துணியில செய்யணும். போர்வை, தலகாணி உறை, துண்டு, வேட்டி, எதுன்னாலும் சரி. நம்ம கையால செய்யணும்.”

“பழைய துணியவா பரிசாக் குடுக்கது?” என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் பக்கத்தில் பழந்துணியைக் கொடுத்தால் மரியாதைக் குறைவு என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் உண்டு.

“பாலன் இயேசு பொறந்தப்ப ஜவுளிக்கடைக்கா ஓடுனாக? கையில கெடந்த துணியிலதான சுத்துனாக” என்றார் அக்கா.

துணி என்றதும் வேன் வேலையில் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வீடு பீரோவின் அடித்தட்டு காலியானது. ஒருத்தி நைந்த போர்வைகளைக் கிழித்துச் சடைபோலப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்துக் கால்மிதி செய்தாள். அதை மிதிக்க மனசு வராது, அவ்வளவு அழகு. இன்னொருத்தி மாமனாரின் கரை வேட்டியை வெட்டி, கரை ஓரத்தில் வரும்படி கைக்குட்டைகள் மடித்தாள். மாமனாருக்கு விஷயம் தெரியாது. தெரியவந்தபோது பண்டிகை முடிந்திருந்தது.

எனக்கு வந்தது கருப்பசாமி அண்ணன் பெயர். நான் ஊசி பிடித்தால் துணியைவிட விரல்தான் அதிகம் குத்துப்படும். யோசித்து யோசித்து, ஒரு தலையணை உறையை எடுத்துப் போய் அவர் சீட்டின் முதுகில் மாட்டிப் பார்த்தேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. ஒரு தையல்கூடப் போடாமல் பரிசு முடிந்தது. அந்த உறையில் ‘இனிய கனவுகள்’ என்று பூவேலை செய்திருந்தது. வண்டி ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் அது எப்படி இருக்கும் என்று மாட்டிய பிறகுதான் யோசித்தேன்.

மூடியில் மிஞ்சிய சீட்டு

சீட்டு எடுத்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். அக்கா தன் சாப்பாட்டுத் தூக்கின் மூடியில் பெயர்களைப் போட்டுக் குலுக்கினார். எழுதிய பெயர்களில் முத்துமாரியின் பெயரும் இருந்தது.

முத்துமாரி எங்கள் வேன்தான். காலண்டர் தலைக்குத் தகரப் பட்டை அடிக்கிற வேலை. அந்த வேலையில் அவள் கைக்கு ஈடு கிடையாது. ஆனால் ஆடி மாதம் ஒரு தீக்காயம் பட்டதிலிருந்து அவள் வரவில்லை.

“வராத ஆளுக்கு எதுக்குக்கா சீட்டு?” என்று கேட்டேன்.

“வேலைக்குத்தான வரல? வண்டிய விட்டேவா போயிட்டா?” என்றார் அக்கா.

எல்லாரும் எடுத்து முடித்தபின் மூடியில் ஒரு சீட்டு மிஞ்சியது. “இது முத்துமாரி எடுக்க வேண்டியது” என்று அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டார். அப்போ உங்கள் சீட்டு எங்கே என்று கேட்டதற்கு, “நான் மொதல்லயே எடுத்துட்டேன்” என்றார். எப்போது எடுத்தார் என்று நான் பார்க்கவில்லை. பிழை பார்க்கிற கண்ணுக்கும் தப்பிவிட்டது. அக்கா தெரிந்தே ஒரு பெயரைக் குலுக்கலில் விடாமல் விரலிடுக்கில் வைத்திருந்தார் என்று இப்போதும் நினைக்கிறேன். கேட்டால் சிரிப்பார்.

எந்தக் கம்பெனி?

சீட்டு எடுத்த அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் முத்துமாரியைப் பார்க்கப் போனோம். அவள் வீடு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது.

கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே முத்துமாரி புருஷனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் சேலையைத் தளர்த்திச் சுற்றியிருந்தாள். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தாள். கழுத்துப் பட்டியில் தையல்காரர் வைத்துத் தைத்த பெயர்த் துண்டு வெளியே தெரிந்தது. ஆள் வந்த அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒருத்தர் உடம்பில் தீக்காயம் தெரிந்தால் போதும், ‘எந்தக் கம்பெனி?’ என்று கேட்பார்கள். பெயர் கேட்பதற்கு முன்னால், உட்காரச் சொல்வதற்கு முன்னால் அந்தக் கேள்வி வந்துவிடும். கேட்கிறவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. பட்டாசை நம்பிப் பிழைக்கிற ஊரில் வேறு எதைத்தான் நினைப்பார்கள்?

முத்துமாரிக்குப் பட்டது பட்டாசுத் தீ இல்லை. கல்யாணமான புதிதிலிருந்து அவள் நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவள். அங்கே ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. பயமாக இருக்கிறது என்று விட்டுவிட்டு, பத்திரமான வேலை என்று காலண்டருக்கு வந்தாள். வந்தபின் ஒரு நாள் வீட்டில் சோறு வடித்தாள். அடுப்பு மேடையில் சாய்த்து வைத்த பானை, கீழே பாத்திரத்தை நகர்த்தக் குனிந்தவள்மேல் உருண்டுவிட்டது. கொதிக்கிற கஞ்சி வலது தோளிலிருந்து முழங்கை வரை கொட்டிவிட்டது.

“ஆசுபத்திரில நர்சம்மா கேட்டுச்சு, எந்தக் கம்பெனின்னு. பஸ்ஸுல கண்டக்டர் கேட்டாரு. மருந்துக் கடையில மாத்திரை வாங்க வந்த ஆளு கேட்டாரு. பணம் வந்துச்சா, எம்புட்டு வந்துச்சுன்னு அடுத்த கேள்வி. கஞ்சின்னு சொன்னா ஒருத்தரும் நம்பல. கம்பெனிக்காரன் வாயக் கட்டிட்டான், இவ மறைக்கான்னு பேசிக்கிடுதாக. எனக்கே சந்தேகம் வந்துரும் போலருக்கு” என்றாள் முத்துமாரி.

எனக்குச் சிரிப்பு வந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

“அதான் வாசலுக்கே போறதில்ல. பூராத் தோளும் ஆறிருச்சுக்கா. ஆனா ரவிக்கை போட்டா முள்ளு வச்சாப்ல உறுத்துது. இந்தாளு சட்டையோட வேலைக்கு வர முடியுமா?”

மேனேஜர் ஏற்கெனவே சொல்லியனுப்பியிருந்தார். பொங்கலுக்குள் வராவிட்டால் தகரம் அடிக்க வேறு ஆள் போடுவதாக. அவள் சம்பளத்தில்தான் மகள் படிக்கிறாள். புருஷனுக்கு லோடு ஏற்றுகிற வேலை, லோடு வந்தால்தான் காசு. இதைச் சொல்லும்போது முத்துமாரி எங்களைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

அக்கா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தச் சீட்டை நீட்டினார்.

“ஒன் சீட்டு இது. வீட்டுத் துணியில செய்யணும். கடையில வாங்குனா செல்லாது.”

“நானா? நான் எங்கக்கா...”

“இடது கை நல்லாத்தான இருக்கு? வலது கையும் மடங்குதுல்ல? செய்யி.”

எனக்கு அக்காமேல் கோபமே வந்தது. வலியில் இருக்கிற பெண்ணிடம் போய் வேலை சொல்கிறாரே என்று. முத்துமாரி சீட்டைப் பிரித்துப் படித்துவிட்டு, இடுப்பில் செருகிக்கொண்டாள். வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது.

காப்பி கொடுத்தாள். பேச்சு சமையலுக்குப் போனது. நானும் பானையை முந்தானையால்தான் பிடிக்கிறேன் என்று, ஏதோ பெரிய வித்தை மாதிரி, சொல்லிவைத்தேன்.

கண் இமை

அதற்கப்புறம் அக்கா போன இடமெல்லாம் பழந்துணி கேட்டார். நல்லதாகக் கொடுத்தால் வேண்டாம் என்றார். “நைஞ்சது இருக்கா? தொவைச்சுத் தொவைச்சுத் தேஞ்சு போனது?” என்று கேட்பார். கொடுத்ததை வாங்கி, கண்ணை மூடி, இமையின்மேல் வைத்து மெல்லத் தேய்த்துப் பார்ப்பார். பிறகு தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவார். என் வீட்டுப் போர்வையும் இமைத் தேர்வில் தோற்றுப் போனது. எனக்கு வருத்தம்தான். அதை நான் நல்ல போர்வை என்று நினைத்திருந்தேன்.

கடைசியில் அவர் வீட்டு நீலப் பூ விரிப்பே தேறியது. அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் தவழ்ந்து புரண்ட விரிப்பு அது. இத்தனை வருஷம் துவைத்ததில் வெற்றிலைபோல மெலிந்திருந்தது. கத்தரியை வைக்கும்போது அக்காவுக்குக் கை தயங்கியதா என்று கேட்டேன். “பெட்டிக்குள்ள கெடந்து என்னத்துக்கு?” என்றார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சீக்கிரம் சாப்பிட்டு முடித்து, காலண்டர் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து தைத்தார். காலையும் மாலையும் வேனில் தைத்தார். நாங்கள் சிரித்த அன்றும் தைத்தார். தையல் வெளிப்பக்கம் என்று சொன்ன பிறகும் அவர் ஒரு தையலையும் பிரிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சிவப்புத் தலையணை உறையிலிருந்து ஒல்லி ஒல்லியாகப் பட்டைகள் வெட்டி, வெளியே நின்ற தையல்மேல் மூடித் தைத்துக்கொண்டே போனார். தோளில் ஒரு சிவப்புக் கோடு, கைச் சுற்றில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. கொக்கியே வைக்கவில்லை. இடது தோளிலும் பக்கத்திலும் துணியாலேயே முடிச்சுப் போட்டுக்கொள்கிற மாதிரி நாடா வைத்தார்.

தப்பை மறைக்க என்ன பாடுபடுகிறார் பாவம் என்றுதான் நான் நினைத்தேன்.

ரயில்வே கேட்டுத் தெரு

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை, வேன் வழக்கமான வழியில் போகாமல் முத்துமாரி தெருவுக்குள் திரும்பியது. அக்கா முன்பே கருப்பசாமி அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறார். அண்ணன் தன் ‘இனிய கனவுகள்’ முதுகு உறையில் சாய்ந்து, ராஜா மாதிரி ஓட்டினார்.

எல்லாரும் இறங்கிவிட்டோம். தெருவில் தள்ளுவண்டிக் காய்கறிக்கார அம்மா மட்டும் நின்றார். முத்துமாரி கதவை ஒருக்களித்து, தலையை மட்டும் நீட்டினாள்.

அக்கா பழைய காலண்டர் தாளில் சுற்றிய பொட்டலத்தை நீட்டினார். முத்துமாரி பிரித்தாள். நாங்கள் எல்லாரும் அவள் ரவிக்கையின் சிவப்புக் கோட்டைப் பார்ப்பாள், பூவைப் பார்ப்பாள் என்று காத்திருந்தோம். அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. நேரே கையை உள்ளே விட்டாள். தோள் வரும் இடத்தில் தடவினாள், கைச் சுற்றில் தடவினாள், மறுபடி தோளுக்கு வந்தாள்.

“அக்கா, உள்ள ஒன்னுமே இல்ல” என்றாள். “ஒரு தையலுகூட இல்ல.”

அப்போதுதான் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அவள் புருஷன் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தது அவசரத்தில் இல்லை. உள்பக்கத் தையல் புதுத் தோலில் உறுத்தாமல் இருக்கத்தான். நானும் அந்த வீட்டில் அதே பாயில் உட்கார்ந்து அதே காப்பியைக் குடித்தேன். நான் பிழையைப் பார்த்தேன், அக்கா முத்துமாரியைப் பார்த்திருக்கிறார். அந்த இடத்தில் அக்காவைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா நின்றேன்.

முத்துமாரி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மார்கழிக் குளிரில் நாங்கள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றோம். ஆர்டர் முடிக்க வேண்டிய நாள், ஆனால் அண்ணன் ஹார்ன் அடிக்கவில்லை.

கதவு முழுசாகத் திறந்தது. நீலப் பூவும் சிவப்புக் கோடும், மேலே அதே சிவப்பில் ஒரு சேலையுமாக முத்துமாரி வாசலுக்கு வந்தாள். படியில் இறங்கினாள். ரவிக்கையின் கைச் சுற்றுக்குக் கீழே தழும்பின் ஓரம் கொஞ்சம் தெரிந்தது.

காய்கறிக்கார அம்மா தராசைக் கீழே வைத்துவிட்டுக் கிட்ட வந்தார். முத்துமாரி சட்டென்று விறைத்து நின்றாள். கேள்வி வரப்போகிறது என்று எங்களுக்கும் தெரிந்துவிட்டது. வாயை அடைக்கிற மாதிரி ஏதாவது சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள் அந்த அம்மா கேட்டேவிட்டார்.

“ஏத்தா, இந்தச் சட்டை எந்தக் கடை?”

முத்துமாரி குனிந்து தன் ரவிக்கையைப் பார்த்தாள்.

“கடையில எல்லாம் கெடைக்காதுக்கா” என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அந்த அம்மா விடவில்லை. தோளில் ஓடிய சிவப்புக் கோட்டை விரலால் தொடாமல் காற்றிலேயே வரைந்து பார்த்தார். “பொங்கலுக்கு என் மகளுக்கு இப்படி ஒன்னு தைக்கணும். யாரு தைச்சது?” என்றார். கருப்பசாமி அண்ணன் ஞானப்பூ அக்காவைக் கையால் காட்டி, “அந்தா நிக்காக பாருங்க, கண்ணாடி போட்ட டெய்லர்” என்றார்.

முத்துமாரி அன்று வேன் ஏறவில்லை. “வருசம் பொறந்ததும் வந்துருதேன்னு மேனேஜர்ட்ட சொல்லுங்கக்கா” என்றாள். சொன்னபடியே புது வருஷத்தில் முதல் வேலை நாள் காலையில், வேன் நிற்கும் இடத்தில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றாள். அந்த ரவிக்கையைத்தான் போட்டிருந்தாள்.

ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின அந்த நாள், நாங்கள் வண்டியில் ஏறும்போது, அவள் என்னை மட்டும் கூப்பிட்டாள்.

“ஓங்க பேருதான் எனக்கு வந்துச்சு” என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள்.

வேனிலேயே பிரித்தேன். பழைய பூந்துவாலையைப் பல மடிப்பாக மடித்து, மேலே தடித்த போர்வைத் துணி வைத்து, குறுக்கும் நெடுக்குமாக இறுக்கித் தைத்த இரண்டு பிடிதுணிகள். உள்ளங்கை அளவைவிடக் கொஞ்சம் பெரியவை. ஆணியில் மாட்ட மூலையில் ஒரு காது. தையல் சில இடங்களில் கோணலாக ஓடியிருந்தது. காயம் ஆறி வந்த கையால் போட்ட தையல் அது.

ஜன்னலுக்கு வெளியே நின்று முத்துமாரி சொன்னாள்.

“இனிமே முந்தானையில பானையப் பிடிக்காதீக.”

அந்தக் கோணல் தையலில் நான் ஒரு பிழையும் பார்க்கவில்லை.